முன்னால இருபத்தஞ்சு, பின்னால இருபத்தெட்டு

முள் இருபத்தாறரையில் நின்றது. காற்று அளக்கிற கேஜை முன் டயரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள் வாசுகி, இருபத்தாறு. அந்த அரை எங்கே போனது என்றால் எங்கேயும் போகவில்லை, வைக்கும்போது ஒரு புஸ், எடுக்கும்போது ஒரு புஸ், அதில் போனதுதான், இது அவளுக்குத் தெரியாதா, ஆறு வருஷமாகப் பொள்ளாச்சி ரோட்டில் புருஷனோடு சேர்ந்து பஞ்சர் கடை நடத்துகிறவள், ஒரு நாளைக்கு நாற்பது வண்டிக்குக் குனிந்து காற்றுப் பிடிக்கிறவள், ஆனாலும் இன்றைக்கு என்னவோ அந்த அரையைக்கூட விட மனசில்லாமல் மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தாள், இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்தே டயரைக் காலி பண்ணிவிடுவோம் என்று சிரிப்பும் வந்தது. சிரித்தால் வயிறு இறுக்கியது. வாடகைக்கு எடுத்த தோல் உடுப்பு, முழங்காலில் மொத்தமாகத் தகடு வைத்துத் தைத்தது, அதைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, மண்டி போடத்தான் முடிந்தது, கோயிலில்கூட இவ்வளவு நேரம் மண்டி போட்டதில்லை. கோயமுத்தூருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில், வரிசையாகக் கட்டிய சிமெண்ட் கொட்டகைகளில் ஒன்பதாம் நம்பர் கொட்டகை. இன்றைக்கு ரேஸ் இல்லை, அவரவர் வண்டியைக் கொண்டுவந்து அவரவர் ஓட்டிப் பழகுகிற நாள். முதலில் வேகமாக ஓட்டுகிறவர்கள், அப்புறம் நடுத்தரம், மூன்றாவதாகப் புதுசாக வந்தவர்கள், அதாவது அவள். அவள் முறைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வண்டியின் டேங்க் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் காகித டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் முன் டயரில் எவ்வளவு காற்று, பின் டயரில் எவ்வளவு என்று பேனாவால் எழுதவேண்டும், எழுதாத வண்டிக்குக் கேட் திறக்காது, அது இங்கத்திய வழக்கம். எல்லா வண்டி டேங்கிலும் எண் ஏறிவிட்டது. வாசுகியின் டேப் துவைத்துக் காயப்போட்ட துணிபோல வெறுமனே கிடந்தது.

என்ன எழுதுவது. வண்டியின் செயின் கவருக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர், ஒருத்தர் போனால் முன்னால் இருபத்தைந்து, பின்னால் இருபத்தெட்டு என்று சொல்கிறது, நூற்றி அறுபது சிசி வண்டிக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்டிக்கரை யார் படித்தார்கள், வாசுகி கடையில் எந்த வண்டி வந்தாலும் முப்பது, முப்பத்திரண்டு, அதற்கு மேல் ரெண்டு. அந்த ரெண்டு கணக்கில் சேராத ரெண்டு. கறிவேப்பிலை, கொத்தமல்லி மாதிரி, கையோடு சும்மா போடுவது. "அக்கா, ரெண்டு சேர்த்து வைங்க" என்று கேட்கிறவனுக்கும் வைப்பாள், கேட்காதவனுக்கும் வைப்பாள், டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் வண்டிக்காரன் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து போவான், மெத்தென்று இருந்தால் கஞ்சக் கடை என்று பேர் வந்துவிடும். இப்போது பக்கத்துக் கொட்டகையிலிருந்து பல் டாக்டர் அருள்செல்வன் எட்டிப் பார்த்தார். இவர்தான் கடைக்குக் காற்றுப் பிடிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு நாள் இருக்கிறது, பெண்களும் வரலாம் என்று சொன்னவர், சீமை வண்டி வைத்திருக்கிறவர், கையில் பேட்டரி போட்ட கேஜ். "வாசுகி, இருபத்திரண்டு வைங்க. நான் நாலு வீடியோ பார்த்தேன், நாலுலயும் அதான் சொல்றாங்க." "அது உங்க வண்டிக்குங் டாக்டர். என்னுது கீரைக்கட்டு ஏத்தற வண்டி." "காத்துல என்னங்க இருக்கு பெரிய வண்டி சின்ன வண்டின்னு?" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இருபத்திரண்டாம். நல்ல மனுசன், பல் பிடுங்கினால் வலிக்காது, ஆனால் காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், போன தீபாவளிக்குத் தன் வண்டி டயருக்கு மூடி எந்தப் பக்கம் திருகுவது என்று அவளிடம் கேட்டவர். இருபத்திரண்டு அவர் சொல்வது, இருபத்தைந்து ஸ்டிக்கர் சொல்வது, முப்பத்திரண்டு கை சொல்வது. கைதான் பெரிய சிக்கல். கேஜ் இருபத்தாறு காட்டுகிறது, விரலால் டயரை அழுத்தினால் கை சொல்கிறது, போதாது, போதாது, ரெண்டு சேர்.

அந்தக் கை செய்த காரியம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தெய்வசிகாமணி, அவள் புருஷன், இந்நேரம் அங்கே பார்வையாளர் படியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இவளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருப்பாரா. கையாட்டினார். இவளும் ஆட்டினாள். மகள் ஆதிரை ஆட்டவில்லை, நாலரை வயசு, கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து நக்கிக்கொண்டு வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். நகை எதுவும் ஆகாது என்று இங்கே சொல்லிவிட்டதால் தோடு, வளையல், கால் மெட்டி எல்லாம் சிகாமணியின் சட்டைப் பையில், அவர் அசைந்தால் மெட்டி கிணிகிணி என்கிறது, காலையிலிருந்து அவர் நடக்கிற இடமெல்லாம் இவள் நடக்கிற சத்தம். வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார், வழியெல்லாம் "பயமா இருந்தா திரும்பிறலாம் புள்ள, ஒண்ணும் வெக்கமில்ல" என்றார். பயமில்லை என்று சொன்னாள். பயமில்லைதான், ஓட்டுவதில் என்ன பயம், பதினாறு வயசில் தாய்மாமன் வண்டியைத் திருட்டுத்தனமாகத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டக் கற்றவள், காற்று முகத்தில் அடித்தால் அவளுக்குப் பாட்டு வரும். நேராகப் போவதற்குப் பயமில்லை. வளைவுதான். எட்டு மாசமாக ஒரு வளைவு வந்தால் வண்டியை மாட்டை நிறுத்துவதுபோல நிறுத்தி, காலை ஊன்றி, திருப்பி, அப்புறம் எடுக்கிறாள், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. ஆதிரை வண்டியில் ஏறுவதில்லை. "அம்மா வண்டி வழுக்கும்" என்று சொல்லிவிட்டது, சாமி, வண்டியைப் பாரு, கழுவி வெச்சிருக்கேன் என்றால், "வழுக்கும்" என்று ஒரே சொல். தூக்கி உட்கார வைத்தால் மரக்கட்டைபோல விறைத்துக்கொள்ளும், அழுவதுகூட இல்லை, அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். ஜூனில் பெரிய பள்ளிக்கூடம், ஆறு கிலோமீட்டர், அவர் கடையைத் திறக்கிற நேரம், இவள்தான் கொண்டுபோய் விடவேண்டும். எல்லாரும் இங்கே வேகத்துக்கு வந்திருக்கிறார்கள். அவள் வந்தது திரும்புவதற்கு. ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்து, கால் ஊன்றாமல், பிள்ளை கண் பார்க்கத் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான். அதற்கு முதலில் இந்தக் காற்றை நம்பவேண்டும், காற்றை நம்புவதற்குக் காற்றுப் பிடித்த கையை நம்பவேண்டும், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

முப்பத்தெட்டு. சொல்லவே நாக்குக் கூசுகிற எண். அன்றைக்குக் காலையில் கடையில் இரண்டு லாரி, ஒரு கல்யாண வேன், அதற்கு நடுவில் ஆதிரைக்குப் பால்வாடிக்கு நேரமாகிறதென்று தன் வண்டிக்கு அவசரமாகக் காற்றுக் குழாயைச் செருகினாள், வேன்காரர் பொண்ணு எந்த ஊரு, மாப்பிள்ளை என்ன வேலை என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார், கல்யாணக் கதை என்றால் அவளுக்கு விடமுடியாது, சோற்றைக் கேட்டாள், பாயசத்தைக் கேட்டாள், கேட்டு முடித்துக் கேஜைப் பார்த்தால் முப்பத்தெட்டு. முன் டயரில். கொஞ்சம் இறக்கி விடலாம் என்று நினைத்தாள், நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சரி போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைத் திருகியதும் ஞாபகம் இருக்கிறது, திருகும்போது மூடியின் விளிம்பு விரலில் உறுத்தியதுகூட. ரோட்டில் ஏறியதும் ஹேண்டில்பார் விர்ரென்று உள்ளங்கையில் ஓடியது, சின்னக் கல்லுக்கெல்லாம் வண்டி பந்துபோல எகிறியது, முன்னால் உட்கார்ந்திருந்த ஆதிரைக்கு அது ஒரே கும்மாளம், "இன்னும் குதிக்கச் சொல்லும்மா" என்றது. வாய்க்கால் மேட்டு வளைவில் வண்டி எகிறவில்லை, ஒன்றுமே செய்யவில்லை, முன் சக்கரம் மட்டும் யாரோ காலை வாரியதுபோலப் பக்கவாட்டில் போய்விட்டது. அவள்மேல் பிள்ளை விழுந்தது, பிள்ளைமேல் வண்டி விழவில்லை, மாரியம்மா புண்ணியம், பிள்ளைக்கு முழங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் போனது, இவளுக்குக் காலில் அடி, அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று எட்டு மாசமாகச் சொல்லிக்கொள்கிறாள். சிகாமணி ஓடிவந்து ரோட்டைப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் மணல். "மணல்! மணல் லாரிக்காரன் கொட்டிட்டுப் போயிருக்கான்" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் மணல் என்பது முடிவாகிவிட்டது, மாமியார் வீட்டில் மணல், அம்மா வீட்டில் மணல், மறுநாள் காலையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அந்த வளைவு முழுக்க, இந்தப் பக்கம் பனைமரம் வரைக்கும் அந்தப் பக்கம் மதகு வரைக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டினார். பஸ்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் காலில் கட்டோடு நின்று பார்த்தாள். இரண்டு கைப்பிடி மணல் இருக்குமா, அதை அவர் முறத்தில் அள்ளித் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, "இனி வழுக்காது புள்ள" என்று வேர்த்த முகத்தோடு சொன்னபோது எந்தப் பொண்டாட்டியால் முப்பத்தெட்டு என்று சொல்ல முடியும்.

ஒலிபெருக்கி கொர்ரென்றது. டிராக்கில் மயில் இறங்கியிருக்கிறதாம், மூன்றாவது வளைவில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறதாம், துரத்தும் வரைக்கும் எல்லாரும் பொறுக்கவேண்டும். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவள் ஊர்ப்பக்கம் மயிலுக்கு என்ன பஞ்சம், விதைத்த அன்றைக்கே வந்து பந்தியில் உட்காரும், கொடி வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் ஒருத்தர் தூரத்தில் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடுவது தெரிந்தது, அது இந்தப் பக்கம் நடந்தால் அவர் அந்தப் பக்கம். ஓடட்டும், ஓடட்டும், இன்னும் பத்து நிமிஷம் கிடைத்தது. ஆனால் ரெஜினா வந்துவிட்டாள். புதுசாக வந்தவர்களுக்கு முன்னால் ஓட்டி வழிகாட்டுகிறவள், மெட்ராஸ்காரி, வாசுகி வயசுதான் இருக்கும், தலைமுடியைக் குட்டையாக வெட்டி, கழுத்தில் விசில். "இன்னும் எழுதலையாம்மா நீ? டேப்பு சும்மா கிடக்குது." "எதை எழுதறதுன்னுதானுங் மேடம் பாத்துட்டிருக்கேன்." "மேடமெல்லாம் வேணாம். எவ்ளோ இருக்கோ அதை எழுது. நல்ல நம்பரா எழுதுன்னு நான் கேக்கல, உள்ள இருக்கிற நம்பரை எழுதச் சொல்றேன். ஓடிட்டு வந்ததும் சூட்டுல ஒரு தடவை பாத்துப் பக்கத்துல எழுதப்போறோம், அப்பத்தான் கூடவா குறைவான்னு தெரியும்." "அப்ப இப்ப வெக்கறது சரியான்னு இப்பத் தெரியாதுங்களா?" "யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு ரெஜினா டாக்டரின் டேப்பைப் பார்க்கப் போனாள், "ஐயோ டாக்டர், இதென்ன காத்துப் போன பலூனா?" என்ற குரல் கேட்டது. உள்ளே இருக்கிற நம்பரை எழுது. என்ன சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். எட்டு மாசமாக உள்ளே இருக்கிற நம்பர் முப்பத்தெட்டுதான், அதை எழுதினால் டேப் தாங்குமா.

பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், வைத்தாள். குறைந்த காற்று எப்படி ரோட்டைப் பிடிக்கும் என்பதுதான் கைக்குப் புரியவில்லை. மனசுக்குப் புரிகிறது, டாக்டரின் வீடியோவைக் கடையில் அவளும்தான் பார்த்தாள், கைக்குப் புரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் கவர்மெண்டில் சைக்கிள் கொடுத்தார்கள், பெண்களுக்கு மட்டும் நாற்பத்திரண்டு, அத்தனையும் காற்றில்லாமல் பள்ளிக்கூட மைதானத்தில் சாய்ந்து கிடந்தன, அவள்தான் பம்பை வாங்கி மாங்கு மாங்கென்று அடித்தாள், ஒவ்வொரு சைக்கிளும் நிமிர்ந்து நின்றது, டீச்சர் பேர் சொல்லிக் கைதட்டச் சொன்னார், அன்றிலிருந்து காற்று என்றால் நிறைப்பது, நிறைத்தால் நல்லது, குறைத்தால் தப்பு. நிறைத்தால் நல்லது. நிறைத்தால். இங்கே வந்து நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானைபோல நின்றுகொண்டது, இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, பின்னால் போய்ப் பார்த்தால் அது மாட்டியிருந்த இடம் பெரியாஸ்பத்திரி. ஆதிரை பிறந்து மூன்றாம் நாள். பால் கட்டிக்கொண்டு இரண்டு மாரும் கல்லாகி, ரவிக்கை பட்டால் உயிர் போகிறது, பிள்ளை பசியில் கத்துகிறது, வாயை வைக்கிறது, வழுக்கி வழுக்கிப் போகிறது, இவ்வளவு பால் இருந்தும் பிள்ளை பட்டினியாகக் கிடக்கிறதே என்று இவளும் சேர்ந்து அழுதாள். தாட்டியான ஒரு நர்ஸம்மா வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்படி விண்ணுன்னு இருந்தா புள்ள எங்கடி பிடிக்கும்? கொஞ்சம் பீச்சி வெளிய விடு, மெத்துன்னு ஆகட்டும், அப்பறம் பாரு" என்றாள். பாலை வெளியே விடுவதா, பிள்ளை பட்டினி கிடக்கும்போது. மனசில்லாமல்தான் பீச்சினாள், கிண்ணத்தில் சொய்ங்கென்று விழுந்தது, மார் இளகியது, பிள்ளையை வைத்தாள், லபக்கென்று பிடித்தது பாரு, ஒரு பிடி, அட்டைபோல, உச்சந்தலை வரைக்கும் அந்த இழுப்பு ஏறியது, பிள்ளையின் தாடை அசைய அசைய இவளுக்குக் கண்ணீர் தானாக வழிந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில். வாசுகி கொட்டகைத் தரையில் மண்டி போட்டபடி வாய்விட்டுச் சிரித்தாள், அடக் கடவுளே, இதை யாரிடம் போய்ச் சொல்வது, டாக்டரிடம் சொல்ல முடியுமா. டயர் கல்லாக இருந்தால் ரோடு எங்கே பிடிக்கும். வால்வின் நடு ஊசியை நகத்தால் அழுத்தினாள், புஸ், ரப்பர் வாசனையோடு சில்லென்று காற்று விரலில் பட்டது, புஸ், முன்னால் இருபத்தைந்து. பின்னால் முப்பது இருந்தது, புஸ், புஸ், இருபத்தொன்பது, இன்னும் ஒரு புஸ், இருபத்தெட்டு. கையை டயர்மேல் வைத்தாள். போதாது என்று கை சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, சும்மா இருந்தது. எழுதினாள், பள்ளிக்கூடத்து எழுத்தில், குண்டு குண்டாக, மு 25, பி 28.

கிணிகிணி என்று மெட்டிச் சத்தம் வந்தது. சிகாமணி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து டேங்கைக் குனிந்து பார்த்தார். "ஏம்புள்ள, இருபத்தஞ்சா? பஞ்சராயிருச்சா?" "ஸ்டிக்கர்ல அதானுங் மாமா இருக்குது." "ஸ்டிக்கர் ஒட்டுனவன் நம்ம ரோட்டுல ஓட்டுனானா? ரெண்டு சேர்த்து வை, நான் போய் அந்தக் கம்ப்ரசர்ல கேட்டுட்டு வர்றேன்." அவர் திரும்புவதற்குள் அவள் சொல்லிவிட்டாள், யோசித்துச் சொன்னதில்லை, வால்வை அழுத்தினதுபோல அதுவாக வந்தது. "ரெண்டு ரெண்டாச் சேர்த்துத்தானுங் அன்னிக்கு முப்பத்தெட்டாச்சு." "என்னிக்கு?" "வாய்க்கால் மேட்டுல விழுந்த அன்னிக்கு. முன் டயர்ல. நாந்தான் வெச்சேன், கவனிச்சேன், எறக்காம ஓட்டிட்டுப் போனேன். மணல் இல்லீங் மாமா." சிகாமணி டேப்பைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அப்புறம் இவளை. தோளில் பிள்ளை பிஸ்கட் கையால் அவர் காதை முறுக்கிக்கொண்டிருந்தது. "அப்ப நான் வெளக்குமாத்தை எடுத்துட்டுப் போய்க் கூட்டுனது?" "ரோடு சுத்தமாச்சுங்." அவர் சிரிக்கவில்லை. இதற்குத்தானே எட்டு மாசம் சொல்லாமல் இருந்தது. "அந்த மணல் லாரிக்காரருக்கு எட்டு மாசமா நான் பஞ்சர் ஒட்டித் தரல. கடைக்கு முன்னால வந்து நின்ன மனுசனைப் போன்னு சொன்னேன். ஜனவரியில ஊருக்கெல்லாம் காலண்டர் குடுத்தோம், அவருக்குக் குடுக்கல." "அதானுங்." "ஏம்புள்ள சொல்லல?" "நீங்க கூட்டிட்டு இருந்தீங்க." எங்கேயோ விசில் சத்தம், மயில் போய்விட்டதுபோல, வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அவர் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, வேட்டியை ஒதுக்கி உட்கார்ந்து, அவள் கையிலிருந்த கேஜை வாங்கி முன் டயரில் வைத்துப் பார்த்தார், பின் டயரில் வைத்துப் பார்த்தார், மூடியைத் திருகினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. "இருபத்தஞ்சு. சரியாத்தான் வெச்சிருக்கற" என்றார். எழுந்து நின்று, "நாளைக்கு அந்த மனுசங்கிட்ட நீயே போய்ச் சொல்லு. காலண்டரும் நீயே குடு" என்றார். "ஏப்ரல் மாசத்துல காலண்டரா?" "மிச்சம் எட்டு மாசம் இருக்குதல்ல, கிழிச்சுக்கட்டும்." அப்போதுதான் அவர் வாயோரம் லேசாக அசைந்தது, அது போதும் அவளுக்கு, ஒரு மாசத்துக்குப் போதும்.

கேட் திறந்தது. ரெஜினா முன்னால், அவளுக்குப் பின்னால் ஐந்து வண்டி, மூன்றாவது வாசுகி. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது, புஸ், புஸ், நானும் ஒரு டயர்தான் என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு அகலமான ரோடு, எதிரே யாருமே வரமாட்டார்கள் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது, நாய் இல்லை, மாடு இல்லை, பஸ் இல்லை, குழி இல்லை, முதல் வளைவில் பழக்கத்தில் கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது, மடக்கிக்கொண்டாள், காலைக் கண்டிப்பதும் பிள்ளையைக் கண்டிப்பதுபோலத்தான், உள்ள வை, உள்ள வை சொல்றேன். இரண்டாவது வளைவு சின்னது. மூன்றாவது வந்தது, நீளமாக, வலது பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பது, இதுதான் மயில் நின்ற வளைவு, ரெஜினா சாய்ந்தாள், முன்னால் போன வண்டி சாய்ந்தது, இப்போது இவள் சாயவேண்டும், உடம்பு சாயமாட்டேன் என்றது, உடம்புக்கு வாய்க்கால் மேடு தெரிகிறது, இப்போது வாரும், இதோ இப்போது முன் சக்கரம் போகும், கை பிரேக்கைத் தேடியது, வேண்டாம், பிரேக் வேண்டாம், என்ன இருக்கிறது உள்ளே, இருபத்தைந்து இருக்கிறது, நான் பார்த்தேன், அவரும் பார்த்தார், முகத்தைத் திருப்பி வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தாள், வண்டி அந்தப் பக்கமாகப் படுத்தது. வாரவில்லை. டயர் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போவது உட்காருமிடம் வழியாக முதுகில் ஏறியது, கெட்டியான மெத்தென்ற ஒரு பிடி, ரோடு அவளைச் சுற்றித் தானாகத் திரும்பிக்கொடுத்தது, வளைவு முடியும்போது அடடா முடிந்துவிட்டதே என்று இருந்தது. அடுத்த சுற்றில் மூன்றாவது வளைவு எப்போது வரும் என்று காத்திருந்தாள். அதற்கடுத்த சுற்றில் பயம் வந்ததா என்று தேடிப் பார்த்தாள், இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் அது வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிற பயம், ஹேண்டில்பாரைப் பிடிக்கிற பயம் இல்லை. நாலாவது சுற்றில் அரிசி ஊறப் போட்டோமா என்று நினைப்பு வந்தது, உளுந்து போட்டோம், அரிசி போட்டோமா, சாய்ந்தபடியே யோசித்தாள், போட்டாயிற்று, மூடி வைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எப்போது பாட ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை, ஹெல்மெட் முழுக்க அவள் பாட்டாக இருந்தது. படிக்கட்டுப் பக்கம் கடக்கும்போது ஒரு வெள்ளை வேட்டியும் அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கவுனும் தெரிந்தன, சிவப்புக் கவுன் எழுந்து நின்றிருந்தது.

கொட்டகைக்கு வந்து வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கேஜைத் தேடினாள், ஆறுவதற்குள் பார்க்கவேண்டும். டாக்டர் அந்தப் பக்கமிருந்து "எனக்குக் கொழகொழன்னு போச்சுங்க" என்று கத்தினார், இவள் "ரெண்டு சேர்த்து வைங்க டாக்டர்" என்று கத்தினாள். முன் டயரிலிருந்து ரப்பர் வாசனையும் அனலும் முகத்தில் அடித்தன. கேஜ் வைத்தாள், இருபத்தெட்டரை. பின்னால் முப்பத்திரண்டு. ரெஜினா எட்டிப் பார்த்து, "முன்ன மூணரை, பின்ன நாலு ஏறியிருக்குது, அப்படியே இருக்கட்டும், தொடாதே" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். டேப்பில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதினாள். தரையில் ஒரு சின்ன நிழல் வந்து நின்றது. ஆதிரை அப்பாவின் கையை விட்டுவிட்டு நாலடி முன்னால் வந்து, இதற்கு மேல் வரமாட்டேன் என்பதுபோல நின்றாள். "விழுந்தியா?" "இல்ல தங்கம்." "வழுக்குச்சா?" "இல்ல." பிள்ளை யோசித்தது. இன்னும் இரண்டடி. கையை நீட்டி முன் டயரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. "சுடுது. ஏன் சுடுது?" "ஓடுனா சுடும் சாமி." ஆதிரை அதே கையை அம்மாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிஸ்கட் வாசனை அடித்தது, "நீயுந்தான் சுடற" என்றாள். "நானும் ஓடுனனல்ல." சிகாமணி பின்னால் நின்றுகொண்டிருந்தார், அசையவே இல்லை, சட்டைப் பையில் ஒரு சத்தமில்லை. பிள்ளை டயரைப் பார்த்தது, சீட்டைப் பார்த்தது, அப்புறம் டயரை. "ஆறுறதுக்கு நெம்ப நேரம் ஆகுமா?" இப்போது வாயைத் திறந்தால் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும், அதனால் வாசுகி கடையில் சொல்வதுபோலவே சொன்னாள், "இருபது நிமிசம் ஆகும்." "அப்பறமா ஏறலாமா?" "ஏறலாம்." ஆதிரை தலையை ஆட்டினாள், கவுனைப் பின்பக்கம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், டயர் ஆறுவதற்காக.